மாமாவின் கொறோலாவும் என் கணக்குக் கொப்பியும்

என்னிட்ட ஒரு கொப்பி இருக்கு. முன்பக்கம் இரண்டாம் வருசப் புவியியல் குறிப்புகள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் கிளச் பிளேட், பிறேக் ஒயில், பழைய டயர் என்று ஒரு கணக்கு ஓடும். 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கு. நானும் தம்பியும் சேர்ந்து ஒரு ட்ரிஃப்ட் கார் செய்த கணக்கு.

முதலே சொல்லிடுறன், கார் பைத்தியம் எனக்கில்லை, தம்பிக்குத்தான். ஏ.எல். எழுதிவிட்டு ஒரு கடையில் வேலைக்கு நின்றவன், கிடைத்த காசையெல்லாம் பைக்கில் போட்டான். 2023 கடைசியில் அவனோடு படித்த பொடியன் ஒருவன் இரவு றோட்டில் ரேஸ் ஓடி விழுந்தான். உயிர் தப்பிவிட்டான், ஆனால் இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். அன்று அவனுக்குப் பின்னால் வந்த பைக் தம்பியுடையது. அதற்குப் பிறகு கேற் திறக்கிற சத்தம் கேட்கும்வரை அம்மா நித்திரை கொள்வதில்லை.

ஏசிப் பார்த்தோம். அழுது பார்த்தோம். ஒருநாள் ஏசாமல் கேட்டேன், “உனக்கு என்னதான்டா வேணும்?” 

“ட்ரிஃப்ட் பண்ணோணும் அக்கா.” 

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் அவன் சும்மா சொல்லவில்லை. போனில் வருசக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். ஜப்பானில் எழுபதுகளில் குனிமிட்சு தகாஹஷி என்ற ரேஸ் ஓட்டுநர் வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓடியதையும், அதைப் பார்த்து மலைப்பாதைகளில் பழகிய கெய்ச்சி சுச்சியா பிறகு ‘ட்ரிஃப்ட் கிங்’ ஆனதையும் எனக்கு வகுப்பெடுத்தான். 2006இல் வந்த ‘டோக்கியோ ட்ரிஃப்ட்’ படத்தில் கதாநாயகன் கரையோரம் ஓடிப் பழகும்போது அதைப் பார்த்து நக்கலடிக்கிற ஒரு மீன்பிடிக்காரர் வருவார். அது சுச்சியாவேதான். வாவிக்கரையில் பிறந்த எங்களுக்கு அந்தக் காட்சி ஏனோ நல்லாப் பிடித்திருந்தது.

ட்ரிஃப்ட் என்றால் சும்மா டயர் புகை கிளப்புவது இல்லை. வளைவில் பின் டயர்கள் பிடி விட்டு வழுக்கும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை அந்த வழுக்குகிற பக்கமே திருப்பி, அக்சிலரேற்றரைக் கூட்டிக் குறைத்து, கார் சுழன்று போகாமல் பிடித்து வைத்திருப்பார். கார் பார்ப்பது ஒரு பக்கம், போவது இன்னொரு பக்கம். இதுக்கு முன் சக்கரம் திருப்பவும் பின் சக்கரம் தள்ளவும் வேணும். இப்ப எங்கட றோட்டில் ஓடுகிற ஓல்ட்டோ, வெகன் ஆர், விற்ஸ் எல்லாம் முன் சக்கரம் இழுக்கிற வாகனங்கள். கைப்பிறேக்கை இழுத்தால் பின்பக்கம் ஒருதரம் வழுக்கும், ஆனால் தொடர்ந்து தள்ளப் பின்னால் ஆளில்லை. பின் சக்கரம் தள்ளுகிற மலிவான கார் வேணுமென்றால் பழசைத்தான் தேடவேணும். டொயோட்டா கொறோலா கே.இ. 70, நிசான் சன்னி பி 310 மாதிரி. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு எங்கட நாட்டில் நாற்பது வயசுக் காருக்கும் லட்சக்கணக்கில் விலை. வெளிநாட்டு வீடியோக்களில் ‘மலிவா ஒரு பழைய கார் வாங்குங்க’ என்று தொடங்குவார்கள். எங்களுக்கு அந்த முதல் வரியிலேயே படம் முடிஞ்சுது.

பிறகுதான் மாமாவின் கார் ஞாபகம் வந்தது.

கல்லடியில் மாமி வீட்டு வளவில், முருங்கைக்குக் கீழ், தறப்பாள் மூடிக் கிடந்த கே.இ. 70. மாமா அதில் ஹயர் ஓடித்தான் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தார். 2021இல் அவர் செத்த பிறகு அதை யாரும் எழுப்பவில்லை. 1290 சி.சி. இயந்திரம். ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையால் உலகமெல்லாம் பேர் எடுத்த ஏ.இ. 86க்கு இது அண்ணன்முறை. 1983இல் பெரும்பாலான மற்றக் கொறோலாக்கள் முன் சக்கர இழுவைக்கு மாறியபோதும், ஏ.இ. 86 இந்தப் பழைய அமைப்போடேயே தொடர்ந்தது. இந்தக் கதையை எல்லாம் தம்பி மாமிக்கும் சொன்னான். மாமி வெத்திலையை மடித்துக்கொண்டே கேட்டா.

“எடு மனே. ஆனா திரும்ப மாமாட காராக் கொண்டுவந்து உடலாமெண்டா மட்டும் எடு.”

எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பைக்கை விற்கவேணும். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விற்றான். 285,000 ரூபாய். கொப்பியில் முதல் வரி அதுதான். 200,000க்குள் வேலையை முடிப்பது என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

காரை ஆரையம்பதிப் பக்கம் ஒரு சின்னக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். வேலை செய்கிறவர் காத்தான்குடிக் காக்கா ஒருவர். முதல் நாளே தம்பி பெரிய காபரேற்றர், சைலன்சர் என்று ஒரு பட்டியல் நீட்டினான். காக்கா அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கார்ப்பெற்றை உரிக்கச் சொன்னார்.

கார்ப்பெற்றுக்குக் கீழே தகடே இல்லை. கறள் தின்று, சீற்றுக்குக் கீழ் நிலம் தெரிந்தது. கதவுக்கு அடியில் ஓடுகிற பெட்டித் தகட்டைக் காக்கா வெட்டினார். உள்ளுக்கிருந்து மணல் கொட்டியது. வளவு மண் இல்லை. வெள்ளையாய், சின்னச் சிப்பித் துண்டுகளோடு, கடல் மணல்.

2004 டிசம்பர் 26. மாமாவும் மாமியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடித் தப்பியவர்கள். கார் சீற்றுக்கு மேலே தண்ணிக்குள் நின்றது. மாமா அதைக் கழுவி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, திரும்பவும் ஹயர் ஓடினார். ஆனால் பெட்டித் தகட்டுக்குள் போன உப்பு அங்கேயே இருந்து இருபது வருசமாய்த் தின்றிருக்கிறது. வெளியில் பெயின்ற் பளபளப்பாகத்தான் இருந்தது.

நான் அந்த மணலை ஒரு போத்தலில் போட்டு மாமியிடம் கொண்டுபோனேன். அழுவா என்று பயந்தேன். மாமி போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இத என்னத்துக்குப் புள்ள வெச்சிரிக்காய், கொட்டிடு” என்றா. கொட்டிவிட்டேன்.

கறள் வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் பண்ண 42,000. அடுத்து பிறேக். மாஸ்ரர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், பின் சக்கர லைனர், கைப்பிறேக் கேபிள் எல்லாம் சேர்த்து 38,000. எண்பதாயிரம் போய்விட்டது, கார் ஒரு அடி கூட வேகமாகவில்லை. தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். காக்கா தேத்தண்ணியை ஊதிக்கொண்டு சொன்னார், “தம்பி, முதல்ல நிக்கப் பழகோணும். மறுகா ஓடலாம்.”

அந்த மாதக் கடைசியில் எல்லாம் நின்றது.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் பந்தயம். ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் போனது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அந்த வீடியோ அன்று பின்னேரமே எல்லாருடைய போனிலும் இருந்தது. அம்மாவின் போனிலும். “அந்தக் கார இரும்புக்குக் குடு” என்றதைத் தவிர அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. கார் கராஜில் கட்டையில் நின்றது. ஒரு கிழமை இல்லை, மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் அந்த வீடியோதான் என் தலைக்குள் ஓடியது. செத்தவர்களில் ஒருவரும் அந்தக் காரை ஓட்டியவர் இல்லை. பார்க்கப் போனவர்களும், பாதையோரம் வேலைக்கு நின்றவர்களும். தம்பியை றோட்டிலிருந்து எடுக்கவேணும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. அவன் ஓடும்போது மற்றவர்கள் எங்கே நிற்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க அதைத்தான் எழுதினேன். கார் றோட்டில் ஓடாது, லொறியில் ஏற்றித்தான் போகும். வெறும் நிலம், மரமோ கம்பமோ மதிலோ இல்லாத இடம். ஓடுகிற ஆளைத் தவிர எல்லாரும் வாய்க்கால் கட்டுக்கு அங்கால. யாரும் வீடியோ எடுக்கக் கிட்டப் போவதில்லை. ஹெல்மெற்றும் பெல்ற்றும் இல்லாமல் சாவி கையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாகனம் எப்பவும் நிற்கும். சாவி என்னிடம் இருக்கும்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஓம் என்று சொல்லவில்லை. “நீயும் போவாயெண்டா போங்க” என்றா.

மிச்ச வேலையில் பெரியது டிஃபரன்ஷல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடத் தூரம் ஓடவேணும், உள் சக்கரம் குறைய. அதற்காக இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கரத் தொகுதிதான் அது. றோட்டுக்கு நல்லது. ட்ரிஃப்டுக்கு அதுதான் தடை. பிடி குறைந்த ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், மற்றது படுத்திருக்கும். காசிருந்தால் அதுக்கென்று செய்த டிஃபரன்ஷல் வாங்கலாம். காசில்லாதவர்கள் உள்ளே உள்ள சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் பண்ணி ஒட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும், ஒன்றாகத்தான் வழுக்கும். ஆனால் ஒட்டினதைத் திரும்பப் பிரிக்க ஏலாது. அப்படிப்பட்ட கார் சாதாரண றோட்டில் மெதுவாகத் திரும்பவே டயரை அரைக்கும், அச்சுத் தண்டுக்கும் கூடாது.

மாமியின் நிபந்தனை இங்கேதான் வந்து நின்றது. வழி காட்டியது காக்கா. இந்தக் காரில் அந்தத் தொகுதி முழுசாய்க் கழன்று வரும். பழைய சாமான் கடையில் இன்னொன்றை 22,000க்கு வாங்கி, அதை எண்ணெய் போகக் கழுவி, 6,000க்கு வெல்டிங் பண்ணினோம். மாமாவுடையது எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி மாமியின் கட்டிலுக்குக் கீழ் இருக்கிறது. கழற்றிய முன் சீற்று இரண்டும் மாமி வீட்டு விறாந்தையில் கதிரையாகக் கிடக்கிறது. பின்னேரத்தில் மாமி அதில் இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறா.

கிளச், ரேடியேற்றர், பற்றரி, ஸ்டியரிங் மூட்டுகள், ஒரு பழைய பக்கெற் சீற்று, பெல்ற், ஆறு பழைய டயர். முன்னுக்கு நல்ல டயர், பின்னுக்குத் தேய்ந்தது. ரேடியேற்றருக்கு ஏன் 17,500 என்று தம்பி கேட்டான். ட்ரிஃப்டில் இயந்திரம் கத்தும், ஆனால் கார் மெதுவாகத்தான் போகும், முன்னால் காத்து வராது, சூடு ஏறும் என்று காக்கா விளக்கினார். இயந்திரத்துக்கு ஒயில் மாற்றினதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மொத்தம் 258,500. நான் இரண்டு கோடு போட்ட கணக்கை 58,500 தாண்டிவிட்டது. கையில் மிச்சம் 26,500.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு. மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரையில், மாமாவின் கூட்டாளி ஒருவருடைய கிறவல் நிலம். சிறுபோக வெட்டு முடிந்து சுற்றிவர வயல் காய்ந்து கிடந்தது. கென்டர் லொறிக்குப் போகவர 18,000. கிறவலை வேணுமென்றுதான் தெரிந்தெடுத்தோம். இந்தச் சின்ன இயந்திரத்துக்குக் காய்ந்த தார் றோட்டில் பின் டயரை வழுக்கவிடும் பலம் இல்லை. கிறவலில் குறைந்த வேகத்திலேயே வழுக்கும், பழகுகிறவனுக்கு அதுதான் பாதுகாப்பும்.

நடுவில் ஒரு பெயின்ற் வாளி. அதைச் சுற்றி வட்டம். அவ்வளவுதான் அன்றைய பாடம். முதல் ஆறு தரமும் கார் பம்பரம் மாதிரிச் சுழன்று நின்றது. தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறான், வாளியையே பார்க்கிறான். கட்டுக்கு அங்கால நின்ற காக்கா கத்தினார், “வாளியப் பாக்காத! போற இடத்தப் பார்!” ஏழாம் தரம் ஸ்டியரிங்கை அவன் கொஞ்சம் விட்டான். அது தானாகத் திரும்பி நின்றது. பின்பக்கம் வெளியே, முன் சக்கரம் எதிர்ப்பக்கம், அரை வட்டம். பிறகு தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. மாமி கைதட்டினா. ஆம், மாமியும் ஓட்டோ பிடித்து வந்திருந்தா.

நானும் ஓடிப் பார்த்தேன். இரண்டு தரம் சுழன்றேன், மூன்றாம் தரம் இயந்திரம் நின்றுவிட்டது. ஆனால் பின்பக்கம் வழுக்குகிற அந்த ஒரு நொடி, வயிறு காலியாகிற மாதிரி ஒன்று, அதை அனுபவித்த பிறகு தம்பியின் பைக்கை நான் பார்த்த விதம் மாறியது. அவன் அழிந்துபோகத்தான் ஓடுகிறான் என்று நினைத்திருந்தேன். அவன் தேடியது இதைத்தான். அதைத் தேட எங்கட ஊரில் அவனுக்கு றோட்டை விட்டால் வேறு இடம் இருக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு யாராவது தொடங்கினால், நான் கொப்பியில் எழுதின ஒழுங்கைச் சொல்றன். முதலில் இடம். பிறகு கறள், பிறேக், சீற்று, பெல்ற். அதுக்குப் பிறகு டிஃபரன்ஷலும் டயரும். இயந்திரம் கடைசி, காசு மிஞ்சினால். எங்களுக்கு மிஞ்சவில்லை. காரும் எங்களுக்குச் சும்மா கிடைத்தது. இல்லையென்றால் இந்தக் கணக்கே இல்லை.

அன்று சாவி போட்டு ஓடின நேரம் மொத்தம் ஐம்பது நிமிசம். சூடு ஏற ஏற பொனற்றைத் திறந்துவைத்துக் காத்திருந்த நேரம் அதைவிடக் கூட. மிச்சக் காசு பெற்றோலுக்கும் எல்லாருடைய சோத்துப் பார்சலுக்கும் சரியாய்ப் போனது. தம்பி இப்ப பஸ்ஸில் வேலைக்குப் போகிறான், பஸ் பிந்துகிறது என்று தினமும் புறுபுறுக்கிறான். அம்மா பத்து மணிக்கு நித்திரை கொள்கிறா. அடுத்த கென்டர் கூலிக்கு 18,000 வேணும். இன்றைய திகதிக்குக் கொப்பியில் இருப்பது 7,200.