படிவமும் பட்டியலும்

என் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேறிய வேனிற்காலம் அது. ஒருநாள் காலை, கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். அதில் இரண்டு பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். இரண்டு கல்லூரிகளிலும் தாவரவியல் வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்று பட்டியலில் மேலே இருந்தது. மற்றொன்று அதற்கு நாற்பது படி கீழே இருந்தது. மேலே இருந்த கல்லூரியில் கட்டணம் மிகுதி. அதற்காகத் தம்பி தன் நிலத்தில் ஒரு பகுதியை அடகு வைக்க எண்ணியிருந்தான்.

“பெரியப்பா, இஃது அரசாங்கமே வெளியிட்ட பட்டியல். இதனை நம்பலாம் அல்லவா?” என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று என் நாவைத் தடுத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கல்லூரியில் புதிதாக வேலையில் அமர்ந்திருந்தேன். இந்தப் பட்டியல் அன்று, வேறொரு பட்டியலுக்கு உரிய படிவம் ஒன்று அக்கல்லூரிக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதனால் அதனை நிரப்பும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என்று படிவம் கேட்டது. பதிவேட்டில் இருந்த தொகையை எழுதினேன். கறையான் தின்ற நூல்களும் அத்தொகையில் அடங்கும். முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டது. மணிக்கணக்கில் ஊதியம் பெற்றுச் சென்றவர்களைச் சேர்ப்பதா, விடுவதா என்று தயங்கினேன். “அவர்களும் நம் ஆசிரியர்கள்தாமே?” என்றார் முதல்வர். எழுதினேன். எவரும் வந்து எண்ணிப் பார்க்கவில்லை. பட்டியல் வெளிவந்தபோது எங்கள் கல்லூரி முன்னேறியிருந்தது. இனிப்பு வழங்கினார்கள், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டில் அரசு தரவரிசைக்கான திட்டத்தை 2015-இல் வகுத்து, முதற்பட்டியலை 2016-இல் வெளியிட்டது. கற்பித்தலும் அதற்குரிய வசதிகளும், ஆராய்ச்சி, மாணவர் தேர்ச்சி, எல்லாப் பிரிவினருக்கும் இடமளித்தல், பிறர் கொண்டுள்ள மதிப்பு என ஐந்து பிரிவுகளில் மதிப்பெண் இடுகின்றனர். அம்மதிப்பெண்ணுக்கு வேண்டிய விவரங்களுள் பெரும்பகுதியைக் கல்வி நிலையங்களே எழுதி அனுப்புகின்றன. அனுப்பியதைத் தம் இணையதளத்திலும் வெளியிடவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால், வெளியிட்டதை எடுத்துப் படிப்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவில் ஒருவர் படித்தார். அங்கே ‘யு.எஸ். நியூஸ்’ என்னும் இதழ் 1983 முதல் இத்தகைய பட்டியலை வெளியிட்டு வருகிறது. நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் 1988-இல் அதில் 18-ஆம் இடத்தில் இருந்தது. படிப்படியாக ஏறி, 2021-இல் ஆர்வர்டு முதலியவற்றோடு சமமாக 2-ஆம் இடத்தை அடைந்தது. அப்பல்கலைக்கழகத்திலேயே கணிதப் பேராசிரியராக இருந்தவர் மைக்கேல் தாடியஸ். நூற்றுக்கு 82.5 வகுப்புகளில் இருபதுக்கும் குறைந்த மாணவரே உள்ளனர் என்று தம் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது அவருக்கு வியப்பைத் தந்தது. யாவரும் காணக்கூடிய வகுப்பு அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். நூற்றுக்கு 63 முதல் 67 வரைதான் இருக்கும் என்று தெரிந்தது. அதனை 2022 பிப்ரவரியில் தம் பெயரிட்டே வெளியிட்டார். பல்கலைக்கழகம் முதலில் மறுத்தது. பின்னர்த் தானே எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 57 என்று வந்தது. பேராசிரியர் கூறியதைவிடவும் குறைவு! அவ்வாண்டு செப்டம்பரில் தன் பிழையை ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் வந்த பட்டியலில் அது மீண்டும் 18-ஆம் இடத்தில் நின்றது. மறு ஆண்டு, இளநிலைப் படிப்புகளுக்கான அத்தரவரிசையில் இனிப் பங்குகொள்வதில்லை என்றும் அறிவித்தது.

ஓராண்டில் 2 என்பது 18 ஆயிற்று. அவ்வோராண்டில் அங்கே எந்த ஆசிரியரும் அறிவு குன்றிவிடவில்லை. எந்த நூலும் தொலைந்துவிடவில்லை. கல்லூரி இருந்தவாறே இருந்தது. காகிதத்தில் எழுதிய எண்தான் மாறியது.

இவற்றையெல்லாம் தம்பி மகளிடம் கூறினேன். படிவம் நிரப்பிய கதையையும் மறைக்கவில்லை. அவள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“அந்தப் பேராசிரியரும் அங்கேதானே வேலை பார்த்தார்? நீங்கள் ஏன் அன்று ஒன்றும் சொல்லவில்லை, பெரியப்பா?”

“அஞ்சினேன், அம்மா” என்றேன். வேலை புதிது என்று சொல்லலாமென நினைத்தேன், சொல்லவில்லை.

மறுவாரம் இருவரும் பேருந்தேறி இரண்டு கல்லூரிகளையும் பார்த்து வந்தோம். மேலிடத்துக் கல்லூரியின் நூலகம் உண்மையிலேயே பெரிது, அதனை மறுப்பதற்கில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தொகையையும் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அவளோ பலகையைப் பார்த்து நில்லாமல், மரத்தடியில் அமர்ந்திருந்த மாணவியரிடம் சென்றாள். “செய்முறை வகுப்பில் ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர்?” என்று கேட்டாள். “ஆறு பேர்” என்றார்கள். கீழிடத்துக் கல்லூரியிலும் அதே வினாவைக் கேட்டாள். அங்கே இரண்டு பேர். ஆனால், அந்த நூலகத்தில் நூல்கள் குறைவு. பேருந்தும் இருமுறை மாறவேண்டும். அவற்றையும் குறித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், பட்டியலில் வட்டமிட்டிருந்த பெயர்களுக்கு அருகே 6 என்றும் 2 என்றும் எழுதினாள். இரவில் அதனைத் தம்பியின் முன் வைத்தாள். அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து, மேசைமேல் இருந்த நிலப்பத்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

“நூல் வேண்டுமானால் உங்கள் வீட்டிற்கு வருவேன், பெரியப்பா” என்றாள் அவள்.