கர்ப்பகால யோகாவும் கருவாடும்

கர்ப்பகால யோகா பயிற்றுநர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்றதும் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். "அது அவங்க சமாச்சாரம்லா, தோழர்" என்றார் ஒருவர். அவங்க சமாச்சாரமா, நம்ம சமாச்சாரமா என்று 85 மணி நேரம் நானும் யோசித்தேன். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் இந்தப் பயிற்சிக்கு வகுத்திருக்கும் கால அளவு அது. நான் சேர்ந்த தனியார் மையத்திலும் அதே கணக்குதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ஜரி ஆசனத்தில் கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். வயிற்றுப் பாரத்திலிருந்து இடுப்புக்குக் கொஞ்ச நேரம் விடுதலை. கடைசி மாதங்களில் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டும். மூச்சை அடக்கும் பயிற்சி கர்ப்பிணிக்குக் கூடாது. இதையெல்லாம் உடற்கூறு விளக்கத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களை நினைத்துக்கொண்டேதான் குறிப்பெடுத்தேன். நாள் முழுக்கக் குனிந்த கழுத்து, மடியில் தட்டு. எட்டாம் மாதத்தில் தட்டு மடியில் நிற்காது, வயிறு முட்டும். முழங்கால் பக்கம் தள்ளி வைப்பார்கள். கூன் இன்னும் கூடும். அந்த முதுகுக்கு மார்ஜரி ஆசனம் தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்?

வில்லங்கம் உணவு வகுப்பில் வந்தது. சாத்வீக உணவு மட்டும்தானாம். மீன், முட்டை, கறி கூடாது. பிள்ளையின் குணம் கெடுமாம். கீதையின் 17ஆம் அத்தியாயம்தான் உணவைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று பிரிக்கிறது. முந்தின நாள் சமைத்தது அதில் தாமசம், எச்சிலோடு சேர்த்து வைத்திருக்கிறது. பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்று நடவுக்குப் போகிற பெண்ணின் வயிற்றில் வளர்வது என்ன குணமுள்ள பிள்ளை என்று கேட்டேன். பதில் வரவில்லை, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

இது ஒரு மையத்தின் கிறுக்கு என்று விட்டுவிட முடியாது. 2017இல் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட தாய் சேய் நலக் கையேடே கர்ப்பிணிகள் இறைச்சியையும் முட்டையையும் தவிர்க்கச் சொன்னது. அதே ஆண்டில், ஆர்.எஸ்.எஸ். சார்பு ஆரோக்ய பாரதி 'கர்ப்ப சம்ஸ்காரம்' மூலம் உயரமான, வெள்ளைத்தோல் பிள்ளை பெற வழிகாட்டுவதாகச் செய்தி வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. அவர்கள் தட்டிலிருந்துதான் முட்டையை எடுக்கச் சொல்கிறார்கள். சாதியை வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவைக்கும் வேலை இது.

இப்போது வாரம் இருமுறை எங்கள் பகுதியில் வகுப்பு எடுக்கிறேன். உணவுப் பாடத்தைத் தூக்கிவிட்டேன். முருங்கைக்கீரை, முட்டை, ஈரல், கருவாடு எல்லாம் பேசுகிறோம் (கருவாட்டில் உப்பு அதிகம், கால் வீங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துத்தான்). ஆனால் நான் படித்த பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்று முதல் வாரமே வந்தது. "யக்கா, இடப்பக்கமா படுங்கன்னு சொல்லுதிய, சரி. நான் படுத்துட்டா தட்ட யாரு பாக்கது?"

இந்தக் கேள்வியைத்தான் 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் எடுத்தார். பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசிய அவர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அவள் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. ஓய்வை அவர் கூலியோடு சேர்த்துப் பேசினார். யோகா மையத்தில் ஓய்வு என்றால் சவாசனம், அவ்வளவுதான்.

நம் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவியும் கர்ப்பகாலத்தில் போகும் கூலியை ஈடுகட்ட வந்ததுதான். பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். அதனால் பாய் விரிக்கும் முன் பிக்மி எண் பதிந்தாயிற்றா, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறோம். பீடித்தட்டை மடியிலிருந்து எடுத்து, முன்னால் ஒரு சின்ன முக்காலியில் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் கழுத்துவலி குறைந்தது என்கிறார்கள், ஒருத்திக்கு வேகம் குறைகிறதாம். முக்காலியின் உயரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். தச்சுவேலை தெரிந்த மாணவத் தோழர்கள் இருந்தால் வாருங்கள். பிசான நடவு தொடங்கிவிட்டால் காலையில் யாரும் இருக்க மாட்டார்கள். வகுப்பைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.