சூரியோதய நாட்டில் ஒரு பிடி சோறு

பயணம் அறிவை விரிவாக்கும் என்பர் சான்றோர். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் பாட்டியார், பெற்றோர், பிள்ளைகள் என எங்கள் குடும்பத்தினர் அறுவர் ஜப்பான் நாட்டிற்குச் சென்று வந்தோம். அந்நாட்டு மக்களின் உணவுப் பண்பாட்டை அறிவதே எங்கள் நோக்கம். 'வாஷொக்கு' எனப்படும் அவர்களது மரபு உணவு முறையை 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

பாட்டியார் முதலில் வர இசையவில்லை. அவருடைய தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படையினர் அவரைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர், அவர் திரும்பவேயில்லை. அப்போது பாட்டியாருக்கு வயது 5. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மடிந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர். மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் தப்பிய பாட்டியார், "அவர்கள் ஊர்ச் சோறு என் தொண்டையில் இறங்குமா?" என்று வினவினார். பேரப்பிள்ளைகளாகிய எங்கள் வேண்டுகோளுக்காகவே உடன் வந்தார்.

ஒசாக்கா நகரில் இறங்கி, கோயா மலைக்குச் சென்றோம். 816-ஆம் ஆண்டில் கூக்காய் என்னும் துறவிக்கு வழங்கப்பட்ட மலை அது. அங்குள்ள கோயில் விடுதிகளில் மீன், இறைச்சி மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத உணவு படைக்கின்றனர். எள்ளை அரைத்துச் செய்த கட்டியும், குளிரில் உறையவைத்து உலர்த்திய தவுவும் அம்மலையின் சிறப்புணவுகள்.

பின்னர் கியோத்தோ நகரை அடைந்தோம். அங்குள்ள நிஷிக்கி அங்காடி சுமார் 400 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தெரு. ஊறுகாய், மீன், கடற்பாசிக் கடைகள் இருமருங்கிலும் நிறைந்திருந்தன. 'கொம்பு' என்னும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சாறு அவர்கள் சமையலுக்கு அடிப்படை. அச்சுவைக்குக் காரணமான பொருளை 1908-ஆம் ஆண்டில் பேராசிரியர் இக்கேடா கிக்குனாயே கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார்.

அன்றிரவு நாங்கள் தங்கிய சிறு விடுதியில், வீட்டு மூதாட்டியார் எங்களுடன் உணவருந்தினார். அவருடைய மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். போர்க்காலத்தில் தம் வீட்டில் அரிசி இல்லை என்றும், சர்க்கரைவள்ளிக்கிழங்கே உணவு என்றும், போருக்குச் சென்ற தமையனார் திரும்பவில்லை என்றும் அம்மூதாட்டியார் கூறினார். பாட்டியாரும் தம் தந்தையாரைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்டதும் மூதாட்டியார் தரையில் கைகளை ஊன்றித் தலைதாழ்த்தினார். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு பாட்டியார் சோற்றுக் கிண்ணத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். "என் அப்பாவை நான் மறக்க மாட்டேன். ஆனால் இந்த அம்மாவும் பசித்தவர்தானே!" என்றார்.

ஜப்பானியர் உண்ணுமுன் 'இத்தாதாக்கிமாசு' என்பர்; 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது பொருள். உண்டபின் 'கொச்சிசோசாமா' என்பர். அச்சொல்லினுள் 'ஓடியாடி உழைத்தல்' என்னும் கருத்து அடங்கியுள்ளது. உணவுக்காக உழைத்தவர்க்கு அது நன்றியுரை. 1889-ஆம் ஆண்டில் சுருஓக்கா என்னும் ஊரில் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி உணவு இன்று நாடெங்கும் பரவியுள்ளது. தொடக்கப்பள்ளி மாணவர்கள் தாமே முறைவைத்து உணவு பரிமாறி, இச்சொற்களைக் கூறி உண்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! விடியுமுன் எழுந்து மரம் வெட்டச் செல்லும் பெற்றோரின் ஓட்டமும் உழைப்பும் நம் தட்டில் உள்ள சோற்றில் கலந்துள்ளன. ஒரு பருக்கையையும் வீணாக்காது, நன்றியோடு உண்போமாக!