நான்கு டிஸ்க், ஒரு பெட்டி

சின்னாளப்பட்டியில் என் மருமகனுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில். எடுத்ததையெல்லாம் தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, மேலே பெண், மாப்பிள்ளை பெயர் எழுதி பீரோவில் அடுக்கி வைப்பார். எந்தக் கல்யாணம் எதில் என்று தேடுவதே பெரிய வேலை. போன வருடம் நான்கு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் செருகி, 'ரெய்டு' முறையில் ஒன்றாக்கிவிட்டார்.

"ஒவ்வொண்ணும் நாலு டெராபைட். ஆனா மொத்தம் பன்னிரண்டுதான் கிடைக்கும் மாமா" என்றார். பாக்கி நான்கு எங்கே? கணக்கு உதைத்தால் குமாஸ்தாவுக்குத் தூக்கம் வராது.

நான் புரிந்துகொண்டது இது: பேரேட்டில் மூன்று தொகை, கீழே கூட்டுத்தொகை. ஒரு தொகையைக் கரையான் அரித்தாலும், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அது திரும்ப வந்துவிடும். அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் ஒரு டிஸ்க் அளவு இடம் போகிறது. (அதையும் ஒரே டிஸ்க்கில் வைக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி எழுதுமாம்.) இரண்டு டிஸ்க் சேர்ந்து போனால் கதை முடிந்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பலவற்றைச் சேர்க்கலாம் என்று 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் கட்டுரை எழுதினார்கள். ரெய்டு என்ற பெயர் அவர்கள் வைத்தது.

போன மாதம் ஒரு டிஸ்க்குக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. புதியதை மாட்டினார். மற்ற மூன்றையும் படித்துக் கணக்குப் போட்டு அதை நிரப்ப ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. அதற்குள் இன்னொன்று போய்விடக் கூடாதே என்று மனிதர் பெட்டி பக்கத்திலேயே படுத்திருந்தார். ஊரார் வீட்டுத் தாலிகட்டு அல்லவா!

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, எத்தா சிவில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் நான். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அந்தச் சட்டப்படி இரட்டைப் பிரதி. ஒன்று மேரியில், இன்னொன்று நீதிமன்றத்தில். அது போதாதென்று 1776இலேயே பதினாறாம் லூயி மன்னர், காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி கப்பலேறி வெர்சாய்க்கு வரவேண்டும் என்று ஆணையிட்டார். அவை இன்று தெற்கு பிரான்சில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே பொடியாகிப்போன பக்கத்துக்கு அங்கிருந்து நகல் வரவழைத்துப் பென்ஷன் வாங்கிய சிப்பாய் குடும்பத்தை எனக்குத் தெரியும்.

மருமகனின் பெட்டியில் இல்லாதது அந்தக் கப்பல்தான். தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் நான்கிலும் சேர்ந்தே அழியும். தீப்பிடித்தால் நான்கும் போகும். ஒரே கூரை எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் பார்த்தோம், 97,000 நூல்கள்.

இதைச் சொன்னதும் மருமகன் யோசித்தார். இப்போது மாதம் ஒருமுறை ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து, திண்டுக்கல்லில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறார். என் மனைவி பேத்திக்குப் பாடிய தாலாட்டு ஒரு பழைய கேசட்டில் இருந்தது. அவள் குரல் வேறு எதிலும் இல்லை. அதையும் அந்த டிஸ்க்கில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.