கேளம்பாக்கம் டு காட்டுக்கோயில்: ரெண்டு நாள், அஞ்சு சர்ச்!

ஒரு சின்ன ஜி.கே. டெஸ்ட். இயேசுவோட சீடர்கள்ல ஒருத்தரோட கல்லறை மேலேயே கட்டின பெரிய சர்ச்சுனு சொன்னா, உலகத்துல மூணைத்தான் சொல்வாங்க. ஒண்ணு ரோம்ல இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ். ரெண்டாவது ஸ்பெயின்ல இருக்கிற சந்தியாகோ தே கொம்போஸ்தெலா. மூணாவது?

பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம். கடற்கரைச் சாலையில, லைட் ஹவுஸுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற நம்ம சாந்தோம்தான்! இங்கே கேளம்பாக்கத்துல டீ குடிச்சிட்டு பஸ் ஏறினா மதிய சாப்பாட்டுக்குள்ள பார்த்துட்டுத் திரும்பிடலாம்.

'யூரோப் ட்ரிப்' வீடியோவா பார்த்துப் பார்த்து ஏங்கிட்டு இருக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். கூரான கோபுரம், கலர் கண்ணாடி, அது வழியா சாய்வா விழுற வெயில்... இதையெல்லாம் ஒரு தடவையாவது கேமராவுல பிடிக்கணும்னு ஆசை. பர்ஸைப் பார்த்தேன். கேளம்பாக்கத்தைச் சுத்தியே தேடலாம்னு முடிவு பண்ணினேன். சீனியர்கிட்ட கடன் வாங்கின கேமரா, அதோட வந்த சாதா லென்ஸ், ஒரு சனி, ஒரு ஞாயிறு. துணைக்கு என் ரூம்மேட்.

அவன் ஏன் வந்தான்னு சொல்லியாகணும். அவன் வீடு முடிச்சூர்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு அவங்க தெருவுக்குள்ள வந்தப்போ அவன் நாலாவது படிச்சிட்டு இருந்தான். பீரோவோட கீழ்த்தட்டுல இருந்த அவன் அப்பா அம்மாவோட கல்யாண ஆல்பம் மூணு நாள் தண்ணியில ஊறி, பக்கங்கள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. பிரிச்சா வெறும் கலர்தான் மிச்சம். 2021ல கொரோனா ரெண்டாவது அலையில அப்பாவும் போயிட்டார். 2002ல கல்யாணம் நடந்தது மயிலாப்பூர் லஸ் சர்ச்ல. "அம்மாவுக்கு அந்த இடத்தை மட்டுமாவது ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கணும்டா"னான். சரி, கடைசி ஸ்டாப் லஸ்தான்னு அப்பவே முடிவாயிடுச்சு.

ஸ்டாப் 1: பேய் இல்லாத டிமான்ட்டி

கேளம்பாக்கத்துலேர்ந்து கோவளம் போற ரோட்டுல காலையில போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் உப்பளம். பாத்தி கட்டின தண்ணியில வானம் அப்படியே படுத்திருக்கும். சீசன்ல போனா பறவைகளும் உண்டு. காயலைத் தாண்டினா ஈ.சி.ஆர். அதைத் தாண்டினா மீனவர் ஊரான கோவளம்.

இப்போ சர்ஃபிங் போர்டும் 'ப்ளூ ஃபிளாக்' பீச்சுமா தெரியற இந்த ஊருக்கு ஒரு காலத்துல பெல்ஜியம் பக்கத்து ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரங்க வியாபாரம் பண்ண வந்தாங்க. ஆற்காட்டு நவாப் காலத்துல இங்கே கோட்டை எழும்புச்சு. 1752ல ராபர்ட் கிளைவ் அதைப் பிடிச்சு இடிச்சார். கோட்டை போயிடுச்சு, கோவளம் மட்டும் நிக்குது.

கார்மேல் மாதா சர்ச் 1808ல கட்டினது. கட்டினவர் பேரைக் கேட்டா தூக்கிவாரிப் போடும்: ஜான் டி மான்டி. ஆமாம் பாஸ், 2015ல வந்த 'டிமான்ட்டி காலனி' படத்துல பேய்க்கு வெச்ச அதே பேர்தான்! நிஜத்துல அவர் மெட்ராஸ்ல பெரும்பணம் சம்பாதிச்ச போர்த்துகீசிய வியாபாரி. ஆழ்வார்பேட்டையில அவர் பேர்ல இருந்த காலனி பாழடைஞ்சதும் பேய்க்கதை முளைச்சுது. ஆனா மனுஷன் தன் சொத்துல பெரும்பங்கை சர்ச்சுக்கு எழுதி வெச்சிட்டு, கோவளத்துலதான் அடக்கமாகி இருக்கார். இந்தக் கதையைச் சொன்னதும் ரூம்மேட் ரொம்ப பயபக்தியோட கும்பிட்டான். எதுக்கும் இருக்கட்டும்னு!

இதே ஊர்ல தமீம் அன்சாரி தர்காவும் இருக்கு. சர்ச்சுக்கு வர்றவங்க தர்காவுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வர்றதைப் பார்த்தோம். எந்த ஊர் 'யூரோப் ட்ரிப்'ல இந்தக் காட்சி கிடைக்கும், சொல்லுங்க?

ஸ்டாப் 2: பறங்கிமலை, பின்னணியில் பிளேன்

வண்டலூர் ரோடு வழியா தாம்பரம், அங்கேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல பறங்கிமலை. சாயங்கால வெயிலுக்குச் சரியா போய்ச் சேர்ந்தோம். மலைனு பேருதானே தவிர சுமார் முந்நூறு அடி உயரம்தான். வண்டியில போக ரோடு இருக்கு. ஆனா படியில ஏறுங்க. காரணம் இருக்கு. இந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான்ங்கிற ஆர்மீனிய வியாபாரி. பக்தர்கள் ஆத்தைக் கடந்து வரணும்னு 1726ல சைதாப்பேட்டையில அடையாறு மேல பாலமும் கட்டினார். இன்னிக்கு அந்த இடத்துலதான் மறைமலை அடிகள் பாலம் நிக்குது. சென்னைக்குள்ள போறப்போ நீங்களும் நானும் நூறு தடவை தாண்டின பாலம்!

மேலே இருக்கிற சர்ச்சை போர்த்துகீசியர்கள் 1523ல கட்டினாங்க. தோமையார் கி.பி. 52ல கேரளக் கரைக்கு வந்து, 72ல இந்த மலையிலதான் கொல்லப்பட்டார்ங்கிறது நம்பிக்கை. ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்காரங்க இதைப் பத்தி இன்னும் விவாதம் பண்ணிட்டு இருக்காங்க. விவாதம் இல்லாத ஒண்ணு அங்கேயே இருக்கு. 1547ல கிடைச்ச கல் சிலுவை. அதைச் சுத்தி இருக்கிற எழுத்து தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை. பஹ்லவி! அதாவது பழைய பாரசீகம். போர்த்துகீசியக் கப்பல் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவங்க இங்கே இருந்திருக்காங்கங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? 'வெள்ளைக்காரன் கொண்டுவந்தது'னு ஒரே வரியில முடிக்கிற கதை இல்லை இது.

சயின்ஸ் குரூப் மாணவர்களுக்கு ஒரு போனஸ். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த சர்வேயை வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10ல தொடங்கினது இந்தப் பறங்கிமலைப் பக்கத்துலதான். அந்த சர்வேதான் வளர்ந்து வளர்ந்து, 1850கள்ல எவரெஸ்ட் உயரத்தைச் சொல்ற வரைக்கும் போச்சு. மேலேர்ந்து பார்த்தா இன்னிக்கு ஏர்போர்ட் ரன்வே தெரியும். அஞ்சு நூற்றாண்டு சர்ச்சும் இறங்கற பிளேனும் ஒரே ஃப்ரேம்ல!

அன்னிக்கு ராத்திரி முடிச்சூர்ல தங்கல். சூடா தோசை, வஞ்சிர மீன் குழம்பு. கேமராவுல படங்களை ஒண்ணொண்ணா பார்த்துட்டு வந்த அம்மா, "நாளைக்கு லஸ்ஸுக்கா?"னு கேட்டாங்க. "நீங்களும் வாங்கம்மா"னு கூப்பிட்டேன். தலையாட்டினாங்க, வரலைன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "அவர் முகம் மறக்காதுப்பா, சுவத்துல மாட்டியிருக்கு. அந்த இடம்தான் கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டே வருது."

அதுக்கு மேல நானும் அவனும் பேசலை. கேமரா பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்துட்டோம்.

ஸ்டாப் 3: மெட்ரோ பக்கத்துல ஒரு குகை

ஞாயிறு காலை சின்னமலை. மெட்ரோ ஸ்டேஷன் பேர்லயே இருக்கு, ஆனா எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்போம்? தோமையார் ஒளிஞ்சிருந்ததா சொல்ற சின்னக் குகை இங்கே இருக்கு. அதை ஒட்டின சர்ச் 1551ல போர்த்துகீசியர் கட்டினது. குனிஞ்சுதான் குகைக்குள்ள போகணும். சின்னப் பிள்ளையானாலும் வி.ஐ.பி. ஆனாலும் இங்கே தலை வணங்காம உள்ளே போக வழியே இல்லை! வெளிச்சம் கம்மி. ஃபிளாஷ் போட்டா பாறை தட்டையா, சிமென்ட் சுவர் மாதிரி தெரியும். மெழுகுவத்தி வெளிச்சமே போதும். கையை சுவத்துல முட்டுக் குடுத்து, மூச்சைப் பிடிச்சு எடுங்க.

ஸ்டாப் 4: சாந்தோம்

இதோ, நம்ம கேள்விக்கான பதில்! 1523ல போர்த்துகீசியர் கட்டினதை எடுத்துட்டு, ஆங்கிலேயர் காலத்துல புதுசா கட்டி 1896ல திறந்தாங்க. ஸ்டைல் நியோ கோதிக். கூம்பின வளைவுகள், கூரான ஜன்னல்கள், 155 அடி உயர கோபுரம். பார்க்கிற கண்ணைத் தரையிலேர்ந்து வானத்துக்கு இழுத்துட்டுப் போறதுதான் கோதிக்கோட மொத்த சூத்திரமும். 1956ல போப் இதுக்கு பசிலிக்கா அந்தஸ்து குடுத்தார்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தா கேமரா குழம்பிப் போய் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏத்தினா வெள்ளை வெள்ளையா வரும். கிட்ட நின்னு கேமராவை அண்ணாந்து பிடிச்சா கோபுரம் மல்லாந்து விழுற மாதிரி தெரியும். பின்னாடி நகர்ந்து, கேமராவை நேரா பிடிச்சா நிமிர்ந்துடும். கீழே இருக்கிற கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போனப்போ மட்டும் கேமராவை மூடிப் பையில வெச்சிட்டோம். அழுதுட்டு இருக்கிறவங்க பக்கத்துல 'க்ளிக்' சத்தம் கேட்கக்கூடாது பாருங்க.

ஸ்டாப் 5: காட்டுக்கோயில்

சாந்தோம்லேர்ந்து லஸ் நடக்கிற தூரம்தான். புயல்ல வழி தெரியாம தவிச்ச போர்த்துகீசிய மாலுமிகள் தூரத்துல ஒரு வெளிச்சத்தைப் பார்த்து, அது வழிகாட்டக் கரை சேர்ந்தாங்களாம். அது மறைஞ்ச இடத்துல எழுப்பினது பிரகாச மாதா சர்ச். 'லஸ்'னா போர்த்துகீசிய மொழியில வெளிச்சம்! அந்த ஒரு வார்த்தைதான் பஸ் போர்டு, கார்னர், ரோடுனு நம்ம வாய்ல இன்னும் இருக்கு. கல்வெட்டுல இருக்கிற வருஷம் 1516. அப்போ கோட்டையும் இல்லை, மெட்ராஸ்ங்கிற கம்பெனிக்காரங்க ஊரும் இல்லை. 1639க்கு அப்புறம்தானே அதெல்லாம்! சுத்திலும் காடு. அதனாலதான் 'காட்டுக்கோயில்'.

பூசை முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச நேரம். அங்கே இருந்தவங்ககிட்ட அனுமதி கேட்டோம். விஷயத்தைச் சொன்னதும், "தாராளமா எடுங்க தம்பி"ன்னாங்க. நான் பீடத்தை நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் சமமா, ஆளே இல்லாம, போஸ்ட் கார்டு மாதிரி ஒண்ணு எடுத்தேன். ரூம்மேட் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான்.

முதல்ல அவங்க பேசவே இல்லை. அப்புறம், "கொஞ்சம் இடது பக்கம் காட்டு... இன்னும் கொஞ்சம் முன்னாடி போ... ம், நில்லு. அங்கதான் அவர் நின்னார்."

நாங்க ரெண்டு பேரும் அந்தத் தரையையே பார்த்துட்டு நின்னோம்.

"அவருக்கு ஷூ கடிச்சுது. பூசை முடியற வரைக்கும் ஒத்தைக் கால்லயே நின்னார். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்"னு சொல்லிட்டு சிரிச்சாங்க. அப்பா போனதுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்தி அம்மா ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லைனு ரூம்மேட் பின்னாடி சொன்னான். அன்னிக்கு இருபது நிமிஷம் பேசினாங்க. யார் பூச்செண்டு பிடிச்சது, யார் லேட்டா வந்தது, எந்த பெஞ்சுல பாட்டி உட்கார்ந்து அழுதாங்க... எல்லாம்.

ரூம்மேட்டை அதே இடத்துல நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தேன். பிரின்ட் போட்டு அனுப்பினதுல அம்மா ஃப்ரேம் போட்டது அந்தப் படத்தைத்தான்.

உங்க டர்ன்!

ப்ளான் போடறவங்களுக்குச் சில டிப்ஸ். பூசை நேரத்துல கேமராவை எடுக்காதீங்க. செருப்பை வெளியே விட்டிருந்தா நீங்களும் விடுங்க. ஃபாதர்கிட்டயோ உபதேசியார்கிட்டயோ ஒரு வார்த்தை கேளுங்க, கதவோட சேர்த்து கதையும் திறக்கும். ஃபிளாஷ், ட்ரைபாட் எல்லாம் கேட்டுட்டுத்தான். எந்த மதமா இருந்தாலும், சாமி கும்பிடறவங்க முகத்தைக் கேட்காம எடுக்கவே எடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. கோட்டையே இடிஞ்சு போகுது, ஆல்பம் எம்மாத்திரம்? நம்ம அப்பா அம்மா எங்கே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க... எந்தக் கோயில், எந்த மண்டபம், எந்த சர்ச்? நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த வீக் எண்ட் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க. முடிஞ்சா கூட்டிட்டே போங்க. ரோமும் ஸ்பெயினும் எங்கேயும் போயிடாது மச்சி, வேலைக்குச் சேர்ந்து இ.எம்.ஐ. போட்டாவது பார்த்துக்கலாம். 'அங்கதான் அவர் நின்னார்'னு விரல் நீட்டிக் காட்டறவங்க இருக்கும்போதே போய் நிக்க வேண்டிய இடம் ஒண்ணு, உங்க ஊர்லயே இருக்கு!