யீஷூனுக்கும் ஒரு கதை உண்டு

சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எல்லாரும் தேக்காவுக்குத்தான் போவார்கள். பூக்கடை, வீரமாகாளியம்மன் கோயில் என்று எழுதி முடித்துவிடுவார்கள். நான் வளர்ந்த யீஷூனில் "வீவக வீடுகளைத் தவிர என்ன இருக்கிறது?" என்று தோழிகள் கேட்பதுண்டு.

என் பாட்டிக்கு அது இன்றும் "நீ சூன்"தான். ரப்பர், அன்னாசித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற லிம் நீ சூனின் பெயர் அது. அதே சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்தால் "யீஷூன்" ஆகிவிடுகிறது!

தாத்தா பக்கத்துச் செம்பவாங்கில், பிரிட்டிஷார் 1938இல் திறந்த கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். "பேஸ்" என்றுதான் சொல்வார்களாம். அங்கே தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. தாத்தா இருந்த குடியிருப்பும் இப்போது இல்லை. 1980களில் யீஷூன் புதுநகர் வளர்ந்தது. 1988இல் ரயில் வந்தது. இன்று இரண்டு லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

பேஸ்காரர்கள் கேன்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் வணங்கிய முருகன் மட்டும் கூடவே வந்துவிட்டார். யீஷூன் தொழிற்பேட்டையில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு 1996இல் குடமுழுக்கு நடந்தது.

பங்குனி உத்திரத்தன்று பாட்டி காவடியை விடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பார். வயதானவர் யாரைக் கண்டாலும், "நீங்க பேஸ்ல எங்கே இருந்தீங்க?" என்று கேட்பார். பதில் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். சென்ற முறை ஒரே ஒரு அம்மாதான் கிடைத்தார். இருவரும் பேசி முடிப்பதற்குள் காவடிகள் எல்லாம் போய்விட்டன.