கறையை மறைத்து மடிக்காதிருங்கள்

தியானப் பகுதிகள்: சங்கீதம் 51, அப்போஸ்தலர் 27, 28, 2 தீமோத்தேயு 4:9-13



நீண்ட கடற்பயணம் மேற்கொள்ளுகிறவர்கள் முன்னே இரண்டு கேள்விகள் நிற்கும். எதை எடுத்துச் செல்வது? எடுத்துச் சென்றதை எவ்வாறு துவைத்து உடுத்துவது? வீட்டுக் காரியங்களைச் சேர்ந்த சிறு கேள்விகளாகவே இவை தோன்றும். ஆயினும் சுமையும் அழுக்கும் வேதத்தில் எத்தனையோ இடங்களில் பேசப்படுகிற காரியங்கள். இவ்வாரம் அவற்றைக் குறித்தே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

சென்ற சித்திரை மாதத்தில் நானும் என் மனைவியும் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகம் வரை ஒரு பயணிகள் கப்பலில் 24 இரவுகள் பயணம் செய்தோம். கரீபியன் கடலில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல்கள் வசந்தகாலத்தில் மத்தியதரைக் கடலுக்குத் திரும்பும் பயணங்களில் அதுவும் ஒன்று. ஞாயிறுதோறும் பயணிகளுக்கு ஆராதனை நடத்தும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அசோர்ஸ் தீவுகளை எட்டும் வரை ஏறத்தாழ ஒரு வாரம் கரையே தென்படாது. கிழக்கு நோக்கிச் செல்வதால் இடையிடையே சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். அந்த நாட்களுக்கு 23 மணி நேரமே. ஏதேனும் ஒன்றை மறந்து விட்டு வந்தவர் நினைத்தவுடன் இறங்கி வாங்கிவர இயலாது. அதே வேளையில், 170 சதுர அடி அளவேயுள்ள அறையில் இருவர் தங்கும்போது, மிகுதியாகக் கொண்டுவந்த ஒவ்வொரு பொருளும் காலில் இடறும்.

இப்பயணத்திற்கு ஆயத்தம் செய்தவள் என் மனைவி. ஒருவருக்கு ஒரு பெட்டி என்பது அவள் விதித்த சட்டம். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்பு இருந்தும், எங்கள் பெட்டிகள் 15 கிலோவைத் தாண்டவில்லை. எனக்கு ஐந்து சட்டைகள், இரண்டு கால்சட்டைகள், ஒரு கறுப்பு மேலங்கி, ஆராதனைக்கு வெள்ளை அங்கி, இரவுக்கு இரண்டு வேட்டிகள். அவளுக்கு விரைவில் உலரும் ஜார்ஜெட் சேலைகள் நான்கு, சிறப்பு விருந்து நாட்களுக்கு ஒரே ஒரு பட்டு. ஒன்றோடொன்று பொருந்தும் நிறங்களாகவே தெரிந்தெடுத்தாள். எந்தச் சட்டையையும் எந்தக் கால்சட்டையோடும் அணியலாம். ஒரு வாரத்திற்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அதை மூன்று முறை துவைத்து உடுப்பது என்பதே அவளுடைய கணக்கு.

துவைக்கும் முறையையும் அவளே வகுத்தாள். மெல்லிய உடைகளை இரவில் கைகழுவும் தொட்டியில் சிறிது சோப்பிட்டு அலசுவாள். பிழிந்த துணியை உலர்ந்த குளியல் துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்துவாள். துணியிலுள்ள நீரில் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பின்பு குளியலறைக்குள் இழுத்துக் கட்டும் சிறு கொடியில் போடாமல், குளிர்காற்று வீசும் இடத்திற்கு அருகே தொங்கவிடுவாள். கப்பல் அறையின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடுகளாதலால், காந்தக் கொக்கிகள் அதற்கு உதவும். வேட்டியும் ஜார்ஜெட்டும் விடியுமுன் உலர்ந்துவிடும். தடித்த பருத்தித் துணிகள் அவ்வாறு உலரா. ஜீன்ஸ் இரண்டு நாள் ஈரமாகவே இருக்கும். மாடத்தில் துணி உலர்த்த அனுமதியில்லை. கடற்காற்று அதைக் கொண்டுபோய்விடும். தீ விபத்துக்கும் இடமுண்டு. தீப்பற்றும் அபாயத்தினாலேயே வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொண்டுவருவதையும் கப்பல்கள் தடைசெய்கின்றன. பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ளும் அறைகள் சில கப்பல்களில் உண்டு. கடல் நாட்களின் காலையில் அங்கே பெருங்கூட்டம் நிற்கும். மற்றவர்கள் கரைக்கு இறங்கிய நேரத்தில் போகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கனமான துணிகளை ஒரு பையில் நிரப்பி அறைப் பணியாளரிடம் கொடுத்தால், ஓரிரு நாளில் கீழ்த்தளத்துச் சலவைக் கூடத்திலிருந்து மடித்து வரும்.

பிரியமானவர்களே, இதே மத்தியதரைக் கடலில் பவுல் சென்ற பயணத்தை நினைத்துப் பாருங்கள். கிரேத்தா தீவை அடுத்துச் சென்றபோது கடுங்காற்று மோதியது. மறுநாள் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களையே தங்கள் கைகளினால் எறிந்தார்கள். பதினான்காம் இரவுக்குப் பின், வயிறார உண்டபிறகு, கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். முதலில் வாணிபம், அடுத்து கருவிகள், கடைசியில் உணவு. ஒவ்வொன்றையும் எறிந்தபோது, அது இல்லாமல் வாழ முடியாது என்று யாரோ ஒருவர் எண்ணியிருப்பார். 276 பேரும் மெலித்தா தீவின் கரையை அடைந்தபோது அவர்கள் கைகளில் இருந்தவை உடைந்த பலகைகள்தாம். ஆத்துமாக்களில் ஒன்றும் சேதமாகவில்லை.

அந்தத் தீவையே இன்று மால்டா என்கிறோம். எங்கள் கப்பல் வலெட்டா துறைமுகத்தில் நின்ற நாளில் அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். மழையும் குளிருமாயிருந்த அந்நேரத்தில் தீவின் மக்கள் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்திற்குப் பின் புறப்படும்போது, பயணத்திற்குத் தேவையானவற்றைக் கப்பலில் ஏற்றியும் அனுப்பினார்கள். யாவற்றையும் இழந்து வந்தவர்கள், தேவையானவற்றைப் பெற்றுப் போனார்கள். முன்பின் அறியாத மனிதரின் கைகளைக் கொண்டு ஆண்டவர் அதைச் செய்தார்.

ஆனாலும் சுமையைக் குறைப்பதே பரிசுத்தம் என்று எண்ணிவிடலாகாது. அதே பவுல் தன் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார். புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடும்படியும் கெஞ்சுகிறார். சிறையில் குளிர் வாட்டும் என்று அவருக்குத் தெரியும். பரலோகத்தையே நோக்கியிருந்த மனிதர் ஓர் அங்கிக்காக எழுதியதில் வெட்கப்படவில்லை. இதனாலேயே என் மனைவி என் கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்தபோது, அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அட்லாண்டிக்கின் நான்காம் நாளில் அது வேண்டியதாயிற்று.

இனி, இந்தப் பயணத்தில் என் உள்ளத்தில் ஆழப் பதிந்ததைச் சொல்லுகிறேன்.

கப்பலின் பணியாளர்களில் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் ஒரு ஜெபக்கூட்டம் நடத்திவந்தார்கள். எல்லாருடைய வேலையும் முடிந்த பிறகே கூட முடியும். ஆகையால் இரவு பதினொன்றரை மணிக்குத்தான் தொடங்கும். அவர்கள் என்னை அழைத்தார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா, கேரளம் எனப் பல இடத்தார் இருந்தனர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். சலவைக் கூடத்தில் வேலை. அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன், பெயரைக் குறிப்பிடவில்லை.

அவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னார். சலவைக் கூடம் நீர்மட்டத்தை ஒட்டிய தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. எந்நேரமும் இயந்திரங்களின் ஓசையும் உலர்த்திகளின் வெப்பமும். ஆயிரக்கணக்கான துண்டுகளும் விரிப்புகளும் நாள்தோறும் வரும். கடல்நீரை நன்னீராக்கித் துவைக்கிறார்கள். கப்பலோட்டிகளின் உழைப்பு குறித்த 2006-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த ஓய்வில்தான் அவர்கள் உறங்கவும், வீட்டாரோடு பேசவும், ஜெபிக்கவும் வேண்டும்.

“உங்கள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன், ஐயா. ஆனால் உங்கள் அங்கியை எனக்கு முன்னமே தெரியும்” என்று சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். “துணியில் கறை இருந்தால் சீட்டில் குறித்துக் கொடுத்துவிடுங்கள், ஐயா. பலர் வெட்கப்பட்டுக் கறையை உள்ளே மறைத்து மடித்துப் பையில் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் அது துவைத்து உலர்த்திக்குள் போய்விடும். சூடு பட்டுவிட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் என்ன செய்தும் முழுசாகப் போகாது. சொல்லியிருந்தால் முதலிலேயே எடுத்திருப்போம்.”

இதைச் சொன்னவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். மற்றவர்கள் கலைந்த பிறகு, “எனக்கும் அப்படி ஒன்று உண்டு, ஐயா” என்றார். தகப்பனார் விட்டுச்சென்ற படகின் காரியத்தில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் மனவருத்தம். ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் மனைவியின் ஊரிலேயே தங்கிவிடுவார். தாயார் மட்டும் இரு வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். “அவன்மேல்தான் தப்பு என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது, ஐயா. அதை யாரிடமும் சொன்னதில்லை.” அந்த வார்த்தையை அன்றிரவு அவர் என்னிடம் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. இருவரும் முழங்காற்படியிட்டோம்.

சங்கீதம் 51-ல் தாவீது தன்னைக் கழுவும்படி தேவனிடம் கேட்கிறான். எபிரெய மொழியில் உடம்பைக் கழுவுவதற்கு ஒரு சொல், துணியை வெளுப்பதற்கு வேறொரு சொல் உண்டு. தாவீது இங்கே இரண்டு முறையும் கையாண்டது, காலால் மிதித்துத் துணியை வெளுக்கிறவர்களின் சொல்லை. மேலோட்டமாக நீரூற்றிக் கழுவினால் தன் பாவம் போகாது என்று அவன் அறிந்திருந்தான். அழுக்கேறிய துணியைப்போலத் தன்னையே தேவனுடைய கரத்தில் கொடுத்தான். அதுவரை உரியாவின் காரியத்தை அவன் எவ்வளவோ கவனமாய் மடித்து வைத்திருந்தான்.

நம் ஊர்களில் துணி வெளுக்கும் குடும்பங்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, துறையில் அடித்துத் துவைத்துக் கொடுத்தார்கள். எந்த வீட்டுத் துணி எது என்பது மாறாதிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டார்கள். ஊர் முழுவதையும் வெண்மையாக்கியவர்களை ஊர் தாழ்வாகவே நடத்தியது. நம் சபைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. ஆனால் மல்கியா தீர்க்கதரிசி வரப்போகிற ஆண்டவரை எதற்கு ஒப்பிட்டார்? புடமிடுகிறவனின் அக்கினிக்கும், வண்ணாருடைய சவுக்காரத்துக்கும். நாம் தாழ்வென்று ஒதுக்கிய தொழிலைத் தேவன் தம்முடைய வருகைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். அவருடைய குமாரன் வஸ்திரத்தைக் கழற்றிவைத்து, சீலையை அரையில் கட்டி, சீஷருடைய கால்களைக் கழுவினார்.

ஆகவே இந்த வாரத்திற்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, உங்கள் வாழ்க்கைப் பெட்டியில் தேவையின்றிக் கிடப்பது எது என்று பாருங்கள். புயல் வந்து எறியச் செய்யுமுன் நீங்களே அதை இறக்கிவைப்பது எளிது. இரண்டாவது, உங்கள் துணியை வெளுக்கிறவர், தெருவைக் கூட்டுகிறவர், கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவர் ஆகியோரின் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, உரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுங்கள். மூன்றாவது, மறைத்து மடித்து வைத்த கறை ஏதேனும் இருந்தால், சூடு ஏறுமுன் அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள்; மனிதரிடம் சொல்ல வேண்டியதை மனிதரிடமும் சொல்லுங்கள். நாட்பட்ட கறையை என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். கப்பலின் உலர்த்திக்கு முன் சலவைக்காரர் கைவிரிக்கக்கூடும். ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்துக்கு அத்தகைய எல்லை இல்லை.

பிரேயஸில் இறங்குவதற்கு முந்தின நாள் எங்கள் கடைசிப் பை சலவையிலிருந்து வந்தது. மடித்த அங்கியின்மேல் ஒரு சிறு தாளில் தமிழில் எழுதியிருந்தது: “அண்ணனுக்குப் போன் போட்டேன், ஐயா. எடுத்தான். அழுதான். ஜெபித்துக்கொள்ளுங்கள்.” அதற்கு மேல் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் என் மனைவியும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஜெபியுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்களுக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று நிதானிக்கும் ஞானத்தைத் தாரும். கடலின் ஆழத்தின்மேல், வெளிச்சம் காணாத தளங்களில், தங்கள் பிள்ளைகளின் அப்பத்துக்காக உழைக்கிற யாவரையும் காத்தருளும். பிரிந்த சகோதரரை ஒருவருக்கொருவர் முன்பாக நிறுத்தும். நாங்கள் மறைத்ததை உமக்கு முன்பாக விரிக்கிறோம். எங்களை முற்றிலும் கழுவும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.